எங்கள் தெரு உங்கள் ரெக்கார்டு நோட்டு அல்ல

ஒவ்வொரு வருஷமும் அவர்கள் வருவார்கள். சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறி, ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டி, செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்குவார்கள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. எம்.எஸ்சி. உளவியல் படிக்கிற பிள்ளைகள், களப்பயிற்சிக்கு வருகிறவர்கள். இத்தனை மணி நேரம் முடித்தால்தான் மதிப்பெண். இத்தனை கேஸ் எழுதினால்தான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து.

நான் உளவியல் படித்தவள் இல்லை. சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். செங்கல் சூளை, அரிசி ஆலை, சிப்காட் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை, நம் ஜனங்கள் வாழும் தெருக்கள், இருளர் குடியிருப்புகள் – இதுதான் நான் நடக்கிற பாதை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை வீடு வீடாக அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உளவியலும் சமூகப்பணியும் படிக்கிற தம்பி தங்கைகள் இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் வந்த குழுவில் ஒரு பெண். நல்ல பிள்ளை, யாரையும் முகம் சுளித்துப் பார்க்காதவள். வெயிலில் நடப்பாள், பாட்டிகளிடம் சிரித்துப் பேசுவாள். எங்கள் தெருவில் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பா இல்லை. அம்மா காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வருவார். அம்மா என்னிடம் வந்து, "நீ கூட்டினு வர்ற பொண்ணுங்கள்ல ஒருத்திய இவகிட்ட பேசச் சொல்லும்மா" என்றார். நான் அந்த மாணவியை அனுப்பினேன்.

நான்கு தடவை பேசினார்கள். நான்காவது தடவை அவள் மனம் திறந்தாள். ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவனோடு பேசிப் பழகியிருக்கிறாள். பள்ளியில் யாரோ பார்த்துவிட்டார்கள். பையனின் உறவுக்காரர்கள் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். அதுதான் வீட்டைவிட்டு வெளியே வராததற்குக் காரணம். அதை அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை. அந்த மாணவியிடம் மட்டும் சொன்னாள்.

மாணவி கல்லூரிக்குத் திரும்பியதும் வகுப்பில் கேஸ் பிரசன்டேஷன் செய்தாள். பெயரைச் சொல்லவில்லை. ஆங்கில எழுத்து ஒன்றைப் பெயருக்குப் பதிலாகப் போட்டுக்கொண்டாள். ஆனால் எந்த ஸ்டேஷனுக்குப் பக்கம், என்ன வயது, என்ன வகுப்பு, என்ன சாதி, அப்பா இல்லை, அம்மாவுக்கு எந்தக் கம்பெனியில் வேலை என்பதெல்லாம் 'பின்னணி விவரம்' என்ற தலைப்பில் திரையில் வரிசையாக ஓடியது. அந்த வகுப்பில் நம் லைனிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிற ஒருத்தி இருந்தாள். வீட்டுக்குப் போய், "நம்ம பக்கத்து ஊர் கேஸ் ஒண்ணு இன்னிக்கி கிளாஸ்ல வந்துச்சு" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு வாரத்தில் எங்கள் தெருமுனையில் இரண்டு பைக் வந்து நின்றது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. பைக்கை ஆஃப் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். நம் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

அன்றைக்கு ராத்திரியே அம்மா மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு படிப்பு வருஷம் போனது. சித்தி வீட்டில் போய்ப் பார்த்தபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நா அந்த அக்காகிட்ட மட்டுந்தானேக்கா சொன்னேன்?"

அந்த மாணவியைத் திட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் அவளுக்கு முதல் நாள் நான் கொடுத்தது என்ன? வருகைப் பதிவேடு ஒன்று. பஸ் நேரம். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்ற விவரம். அவ்வளவுதான். அவளுடைய கல்லூரி அவளுக்குக் கொடுத்தது என்ன? ஒரு கடிதம், ஒரு மதிப்பெண் படிவம். பேராசிரியர் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்து பார்க்கவில்லை. பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிடலாம் என்று அவள் நம்பினாள். பத்து லட்சம் பேர் இருக்கிற நகரத்தில் அது ஓரளவு சரியாக இருக்கலாம். நாற்பது வீடு இருக்கிற தெருவில் 'அப்பா இல்லாத ப்ளஸ் ஒன் பெண்' என்றால் அதுதான் பெயர். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நானும் ஒரு படிவமாக இருந்தவள்

இதில் எனக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் ஒருநாள் இரண்டு அக்காக்கள் வந்தார்கள். வார்டன் எங்களை வரிசையாக உட்காரவைத்தார். ஆளுக்கொரு தாள். என்னைப் பற்றி நான் உயர்வாக நினைக்கிறேனா, தாழ்வாக நினைக்கிறேனா, மற்றவர்களுக்குச் சமமாக உணர்கிறேனா என்ற மாதிரி கேள்விகள். எதற்காகக் கேட்கிறார்கள், யார் படிப்பார்கள், விருப்பமில்லை என்றால் எழுந்து போகலாமா – ஒன்றும் சொல்லவில்லை. குளியலறைக்குத் தண்ணீர் வராததைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். ஒரு பெண் தாளின் கீழே பென்சிலால், "பாத்ரூம்ல தண்ணி வரல மேடம்" என்று எழுதியும் கொடுத்தாள். தாளை வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்ப வரவே இல்லை.

எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் விடுதி மாணவிகளைப் பற்றிய ஆய்வேடு ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் விடுதிதானா என்று தெரியாது. பட்டியல் சாதி மாணவிகளிடம் தன்மதிப்பு குறைவாக இருக்கிறது, அவர்களுக்கு ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி தேவை என்று முடித்திருந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. வகுப்பில் எங்களை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பற்றியும் இல்லை. குறை எங்கள் மண்டைக்குள் இருக்கிறது என்று அட்டை போட்டு, பைண்டிங் செய்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: தொழில் நெறி என்பது கடைசி செமஸ்டரில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்துபோகிற சமாச்சாரம் இல்லை. நம் ஜனங்களுக்கு அது பாதுகாப்பு. சில நேரம் உயிர்.

நெறி எங்கிருந்து வந்தது?

'ஒப்புதல்', 'ரகசியம்', 'தீங்கு செய்யாமை' என்று பாடப்புத்தகத்தில் வருகிற சொற்கள் படித்த பெரியவர்களின் நல்ல மனதிலிருந்து பிறந்தவை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர். 1932இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 ஏழைக் கறுப்பின ஆண்களை ஓர் ஆய்வில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய். "உங்களுக்குக் கெட்ட ரத்தம், வைத்தியம் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு, நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் வந்து, அது வழக்கமான மருந்தான பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகையில் அம்பலமாகும் வரை, 40 வருஷம், இது நடந்தது. அந்த அநியாயம் கிளப்பிய கோபத்திலிருந்துதான் 1979இல் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று அடிப்படைகளை அது வைத்தது. மூன்றாவதாக நீதி இருப்பதைக் கவனியுங்கள். ஆய்வின் சுமை எப்போதும் ஏழைகள் தலையிலும், பலன் எப்போதும் மற்றவர்கள் மடியிலும் விழக்கூடாது என்பதுதான் அதன் பொருள்.

நம் மண்ணிலும் அப்படித்தான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வரும். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனநலச் சேவையில் சாதி, மதம், பாலினம், வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உளவியல் படிக்கிற ஒவ்வொருவரும் களத்துக்கு வருமுன் இந்த மூன்று பிரிவுகளையாவது படித்துவிட்டு ரயில் ஏற வேண்டும்.

முதல் நாளில் இப்போது நான் என்ன சொல்கிறேன்?

அந்தப் பெண்ணின் படிப்பு நின்ற பிறகு, பயிற்சிக்கு வருகிற எந்தக் குழுவையும் முதல் இரண்டு நாள் தெருவுக்குள் நான் விடுவதில்லை. உட்கார்ந்து பேசுகிறோம். அதில் முக்கியமானவற்றை இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களில் வேலை செய்கிற தோழர்களுக்கும் உதவலாம்.

முதலாவது, நீங்கள் யார் என்று உண்மையைச் சொல்லுங்கள். "நான் மாணவி. டாக்டர் இல்லை. மருந்து எழுத முடியாது. இன்ன தேதி வரைக்கும்தான் வருவேன்." தெருவில் உங்களை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார்கள். கேட்க இனிமையாக இருக்கும். திருத்துங்கள். மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். அதற்கென்று தனிப் படிப்பு உண்டு. நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இணையத்தில் எடுத்த கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு டிப்ரெஷன்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு நீங்கள் லோக்கல் ஏறிவிடுவீர்கள். அந்தச் சொல் அவரோடு தங்கிவிடும். கல்யாணப் பேச்சில் வரும், சண்டையில் வரும்.

இரண்டாவது, ஒப்புதல். படிவத்தில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. 'வேண்டாம்' என்று சொன்னால் எந்த நஷ்டமும் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அறிமுகம் செய்துவைக்கும்போது, "இந்த மேடம் சொல்றாங்க, மாட்டேன்னா நாளைக்குப் பட்டா மனு எழுதித் தரமாட்டாங்க" என்று ஒரு பாட்டி நினைத்துவிட்டால் அது சம்மதமே இல்லை. செங்கல் சூளையில் முதலாளி, "தாராளமா பேசிக்கோங்க" என்று சொன்னால் அது முதலாளியின் அனுமதி. தொழிலாளியின் ஒப்புதல் வேறு. மேஸ்திரி பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது முன்பணம் வாங்கிய தொழிலாளி, "நல்லாதான் இருக்கோம்" என்றுதான் சொல்லுவார். அதை நோட்டில் எழுதாதீர்கள். பிள்ளைகளிடம் பேசுவதானால் பெற்றவர்களின் சம்மதம் வேண்டும், பிள்ளையின் விருப்பமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, ரகசியமும் அதன் எல்லையும். "நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஏனென்றால் உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் போக்சோ சட்டம், 2012, 19ஆம் பிரிவின்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலும் மூடி வைக்க முடியாது. இதை அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பேசி முடித்த பிறகு, "இதைச் சொல்லியே ஆகணும்" என்றால் அது துரோகமாகத்தான் தெரியும். இந்த எல்லைக்குள் வராத மற்ற எதுவும் உங்களிடமும் உங்கள் மேற்பார்வையாளரிடமும் நின்றுவிட வேண்டும். ஹாஸ்டல் ரூம்மேட் மேற்பார்வையாளர் இல்லை. அம்மாவும் இல்லை.

எழுதும்போது ஊர், தெரு, கம்பெனி, சாதி, குடும்ப நிலை எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் பெயர் தேவையே இல்லை. அந்தக் கேஸைப் புரிந்துகொள்ள எது அவசியமோ அது மட்டும் போதும். மற்றதை விட்டுவிடுங்கள், அல்லது மாற்றுங்கள். என் பரிசோதனை இதுதான்: அந்தத் தெரு டீக்கடைக்காரர் உங்கள் ரெக்கார்டைப் படித்தால் யார் என்று சொல்லிவிடுவாரா? சொல்லிவிடுவார் என்றால் திரும்ப எழுதுங்கள். அப்புறம், போன். குழந்தைகளைக் கட்டிப்பிடித்து எடுத்த செல்ஃபி, 'இன்றைக்கு என் மனதைத் தொட்ட நாள்' என்று ஸ்டேட்டஸ், இதெல்லாம் கூடாது. எங்கள் வறுமை உங்கள் நல்ல மனசுக்குப் பின்னணிப் படம் இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொழில் நெறிப் பாடத்தில், சேவை பெறுகிறவரிடம் பரிசு வாங்காதே என்று படித்துவிட்டு வருகிறார்கள். சரியான விதிதான். பரிசு கடனை உண்டாக்கும். ஆனால் அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

ஒரு மாணவி முதல் வீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கார அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இவள், "இல்லங்க ஆன்ட்டி, பாட்டில் இருக்கு" என்று பையைக் காட்டினாள். அடுத்த வீட்டில் டீ. "பழக்கமில்லீங்க" என்றாள். மூன்றாவது வீட்டில் யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. பேசவும் இல்லை. சாயங்காலம் முதல் வீட்டு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பொண்ணு நம்ம வூட்ல தண்ணி குடிக்காதா?"

மாணவியிடம் விசாரித்தேன். அவள் பதறிப்போய்விட்டாள். வெளியில் தண்ணீர் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எதையும் வாங்காதே என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சாதி அவள் நினைப்பிலேயே இல்லை. ஆனால் எங்கள் தெருவில் தண்ணீர் என்பது பரிசு இல்லை, அது ஒரு கேள்வி. 'நீ எங்களை என்னவாகப் பார்க்கிறாய்?' என்ற கேள்வி. மஹாடில் 1927இல் பாபாசாகேப் அம்பேத்கர் நம் மக்களைக் கூட்டிக்கொண்டு சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக இல்லை என்பது நமக்குத் தெரியும். அந்த மாணவிக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

இப்போது நான் சொல்வது இது: தண்ணீரைக் குடியுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். நிஜமாகவே வயிறு சரியில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், மறுநாள் குடியுங்கள். பாட்டிலைப் பைக்குள்ளேயே வையுங்கள். புடவை, கோழி, பணம் இவற்றை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். விதி எதற்காக இருக்கிறதோ அதைக் காப்பாற்றுவதுதான் நெறி. விதியின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷியை அவமானப்படுத்துவது நெறி ஆகாது.

"நான் சாதி பார்க்கிறதில்லை"

ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இதைச் சொல்வார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். நான் அவரிடம் கேட்பேன்: நீங்கள் பார்க்காவிட்டால் சாதி போய்விடுமா? நீங்கள் பார்க்காமல் இருப்பதால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு நடந்ததும் உங்கள் கண்ணில் படாமல் போய்விடுமே?

வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா, தனக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள், தன்னைப் பற்றி அவர்கள் கிசுகிசுவென்று பேசுகிறார்கள் என்று ஒரு மாணவரிடம் சொல்லியிருக்கிறார். மாணவர் தன் நோட்டில், 'சந்தேக மனப்பான்மை காணப்படுகிறது' என்று எழுதிவிட்டார். நான் அந்த அக்காவைத் தேடிப்போய்ப் பேசினேன். தனி டம்ளர் இருந்தது. சமையலறைக்கு வெளியே, ஜன்னல் திட்டில். மாணவர் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். இருக்கிற டம்ளரை இருக்கிறது என்று சொன்னவரின் மனதில் நோயைத் தேடியிருக்கிறார்.

உளவியலுக்கு வேறு மாதிரி பார்க்கவும் தெரியும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் குழந்தைகள் முன் வைத்து ஆய்வு செய்தார்கள். பல கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்று எடுத்தார்கள். 'இந்தக் குழந்தைகளுக்குத் தன்மதிப்பு குறைவு, பயிற்சி கொடுங்கள்' என்று அவர்கள் எழுதிவைக்கவில்லை. பிரித்து வைக்கிற சமூகம் குழந்தைகளுக்குச் செய்கிற கேடு இது என்றார்கள். 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது அந்த ஆய்வும் சுட்டப்பட்டது. எங்கள் விடுதிக்கு வந்த இரண்டு அக்காக்கள் கையில் இருந்ததும் இதே உளவியல்தான்.

தன் பார்வையில் இருக்கிற கோணலைத் தானே ஒப்புக்கொள்வதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2021இல் ஒருபால் ஈர்ப்புள்ள இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதைப் பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஜூன் 7ஆம் தேதி உத்தரவு போட்டார். பாலின ஈர்ப்பை 'மாற்றுகிற' சிகிச்சை எதுவும் கூடாது என்றும் அதில் சொன்னார். உயர்நீதிமன்ற நீதிபதி மாணவராக உட்காரலாம் என்றால், எம்.எஸ்சி. முதல் வருஷம் படிக்கிற நாம் உட்காரக்கூடாதா?

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பயிற்சிக்கு வருகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு தடவை ஒரு மாணவி ஸ்டேஷன் போகிற வழியில் மற்றவர்களை முன்னே போகவிட்டு என்னோடு மெதுவாக நடந்தாள். "அக்கா, நானும் இந்த மாதிரி தெருதான். கூட வர்றவங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுப் பாட்டி 'நீ எந்த ஊரு, யாரு வூட்டுப் பொண்ணு'ன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?" என்றாள்.

நான் அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் உரிமை. பாட்டியின் நம்பிக்கையைப் பெறுவதற்காக உன்னை நீ திறந்து காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்ல விரும்பினால் அதில் வெட்கமும் இல்லை. ஆனால் அவர் கதையைக் கேட்டுவிட்டு ராத்திரி உனக்குத் தூக்கம் வராமல் போனால், அதை உன் பலவீனம் என்று நினைக்காதே. உன் அம்மாவின் கதை போலவே இருக்கிற ஒன்றைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாய். அதை இறக்கி வைக்க இடம் வேண்டும். மேற்பார்வை என்பது கையெழுத்துக்காக மட்டும் இல்லை, அதற்காகவும்தான்.

இந்தப் பொறுப்பு கல்லூரிகளுக்கு உண்டு. களத்துக்கு அனுப்புமுன் சாதியைப் பற்றி வகுப்பில் வெளிப்படையாகப் பேசுங்கள். பேராசிரியர்கள் மாதம் ஒரு தடவையாவது இந்த ரயிலில் ஏறி வந்து பாருங்கள். உங்கள் மாணவரால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அவர் யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு பெயரும் ஒரு எண்ணும் எங்கள் ஜனங்களிடம் கொடுங்கள். படிவங்களில் இன்னமும் 'காலனி' என்று எழுதுகிறீர்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தாயிற்று. தெருவுக்கு ஒரு பெயர் இருக்கும், அதைக் கேட்டு எழுதுங்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பெரிய பள்ளிகளில் 'பள்ளி நல அலுவலர்'களை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நாளைக்குப் பள்ளிகளில் பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்கிற நாற்காலிகளில் உட்காரப் போவது இன்று பயிற்சிக்கு வருகிற நீங்கள்தான். கையில் கயிறு கட்டாத பிள்ளை ஒன்று உங்கள் முன்னால் வந்து உட்காரும். அது சொல்வதை நீங்கள் நம்புவீர்களா, அல்லது 'சந்தேக மனப்பான்மை' என்று எழுதுவீர்களா?

போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்

கடைசி நாள் சத்தமில்லாமல் மறைந்துவிடாதீர்கள். எங்கள் ஜனங்களை விட்டுப் போனவர்கள் ஏற்கெனவே நிறைய. இரண்டு வாரம் முன்பே, "இன்னும் இரண்டு தடவைதான் வருவேன்" என்று ஞாபகப்படுத்துங்கள். தொடர்ந்து உதவி வேண்டியவர்களை அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்ப எங்களோடு சேர்ந்து ஏற்பாடு செய்யுங்கள். டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் 104, குழந்தைகளுக்கு 1098, இவற்றைச் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். சூளையிலோ ஆலையிலோ கொத்தடிமை நிலை கண்ணில் பட்டால் நீங்களே வீடியோ எடுத்துப் போடாதீர்கள். அன்றைக்கு ராத்திரி அடி வாங்குவது அவர்கள்தான். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். 1976ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, மாவட்ட நிர்வாகம் இருக்கிறது, அவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவருகிற வழி எங்களுக்குத் தெரியும்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. நடந்தது தெரிந்ததும் போனில் அழுதாள். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றாள். நான் அம்மாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேணாம்மா. அது மறுபடி இங்க வந்தா நாலு பேரு பாப்பாங்க. எதுக்கு வந்துச்சின்னு கேப்பாங்க. நல்லாயிருக்கட்டும், அங்கியே இருக்கட்டும்" என்றார். அப்படியே அவளிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டால் உனக்கு மனசு லேசாகும், அந்த வீட்டுக்குப் பாரம் கூடும், அதனால் அதை நீயே சுமக்க வேண்டியதுதான் என்றேன். அவள் வரவில்லை. அது அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்த நெறி என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பெண் ஒரு வருஷம் கழித்து வேறு பள்ளியில் சேர்ந்து ப்ளஸ் டூ முடித்தாள். இந்தக் கட்டுரையில் அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவளுக்கும் அம்மாவுக்கும் முழுசாகப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்றால் போடமாட்டேன் என்றும் சொன்னேன். "போடுங்கக்கா, படிக்கிற புள்ளைங்களுக்குத் தெரியட்டும்" என்றாள். இரண்டு இடத்தில் மட்டும் வரிகளை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

ஜெய் பீம்.